பழைய ஜப்பான் காரும் அதன் உதிரிப்பாகங்களும்

இலங்கை வீதிகளில் ஓடும் ஜப்பான் கார்களுள் பெரும்பாலானவை நம் துறைமுகத்தில் இறங்கிய நாளிலேயே பழையவைதான். 'ரீகண்டிசன்' என்று அவற்றை அழைக்கிறோம். யாரோ ஒரு வல்லுநர் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றித் துடைத்துப் புதுப்பித்து அனுப்பினார் என்ற எண்ணத்தை இச்சொல் உண்டாக்குகிறது. உண்மை அதுவன்று. ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்த காரைக் கழுவி மெருகிட்டுக் கப்பலேற்றுகிறார்கள், அவ்வளவே. அந்நாட்டில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. பதின்மூன்று ஆண்டைத் தாண்டிய பெற்றோல் காருக்கு வரியும் கூடுகிறது. பரிசோதனைச் செலவையும் வரியையும் கணக்கிட்டுப் பார்க்கும் ஜப்பானியக் குடும்பம் நன்றாக ஓடும் காரையே விற்றுவிடுகிறது. அவர்களும் நம்மைப் போல வீதியின் இடப்பக்கமாக ஓட்டுகிறவர்கள். ஆகவே அவர்களுடைய வலப்பக்கச் சுக்கான் நமக்கு எவ்வித மாற்றமுமின்றிப் பொருந்துகிறது.

1977ஆம் ஆண்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் தென்னிலங்கையில் இக்கார்கள் பெருகின. யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடையாமற் போனபோது, ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் 'ஸ்ராட்' ஆகி, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு நோயாளரையும் மணமக்களையும் சுமந்ததை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார். குறைந்த அமுக்க விகிதமுள்ள அப்பழைய ஆங்கிலேய எஞ்சின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. கணினி கட்டுப்படுத்தும் ஜப்பான் எஞ்சின் பொறுத்துக்கொள்ளாது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும், 2009க்குப் பின்னர் இன்னும் பெருமளவிலும், ஜப்பான் கார்கள் வடக்கே வந்தன. ஒஸ்ரின் கார்களைக் கையால் அடித்து நிமிர்த்தி ஓட்டிய நம் கராச்சுகள் அதுவரை அதிகம் பழகாத ஓர் இனத்தைச் சந்தித்தன.

2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டபோது உதிரிப்பாகங்களும் அரிதாயின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டுவதாக இல்லை. இதனால், இருபத்தைந்து முப்பது ஆண்டுக்கு முன் ஜப்பானில் செய்யப்பட்ட கொரொல்லாவும் சன்னியும் இன்றும் நம் வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. பிள்ளை பிறக்கப்போகும் இரவிலும், முதியவருக்கு மூச்சு முட்டும் வேளையிலும் அயல்வீடுகளும் அவற்றையே நம்பியிருக்கின்றன. நகையை அடகு வைத்துத்தான் பல வீடுகளில் கார் திருத்தப்படுகிறது. அப்பணம் சரியான சாமானுக்குப் போகிறதா என்று அறிந்துகொள்ள வேண்டிய கடமை காரின் சொந்தக்காரருக்கு உண்டு.

காரின் உண்மையான பெயர்

"கொரொல்லாவுக்கு முன் பிறேக் 'பாட்' வேண்டும்" என்று கடையிற் கேட்பது, "மரியாம்பிள்ளையின் மகனுக்கு ஒரு சேட்டு வேண்டும்" என்று புடைவைக் கடையிற் கேட்பதைப் போன்றது. எந்த மரியாம்பிள்ளை, எந்த மகன், என்ன அளவு? எஞ்சின் அறையின் பின்சுவரில் ஓர் உலோகத் தகடு இருக்கும். அதில் உள்ள எழுத்தும் எண்ணுமே காரின் உண்மையான பெயர். எடுத்துக்காட்டாக 'ஏஈ 110' என்பதை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து 'ஏ' எஞ்சின் குடும்பத்தைக் காட்டுகிறது. இரண்டாம் எழுத்து 'ஈ' அது கொரொல்லா இனம் என்கிறது. 110 என்பது தலைமுறை, 1995இல் வந்தது. முதலெழுத்து 'சி' ஆனால் அது டீசல் எஞ்சின். 'கே' ஆனால், 1979இல் தொடங்கிய 70ஆம் இலக்கத் தலைமுறையிற் காணும் பழைய சிறு பெற்றோல் எஞ்சின். நிசான் சன்னியில் 'எஃப்பி 13', 'எஃப்பி 14', 'எஃப்பி 15' என்பவையும் இவ்வாறே.

இத்தகடுகளில் உற்பத்தி ஆண்டு பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்காது. சட்டக இலக்கத்தைக் கொண்டு உதிரிப்பாகப் பட்டியலில் தேடினால் ஆண்டும் மாதமும் தெரியவரும். கார் விற்பவர் சொல்லும் ஆண்டில் ஐயமிருந்தால், ஆசனப்பட்டியை முழுவதும் வெளியே இழுத்து அதன் அடியில் தைத்துள்ள துணிச்சீட்டைப் பாருங்கள். பட்டி செய்யப்பட்ட ஆண்டு அதில் இருக்கும். காரும் ஏறத்தாழ அதே வயதினதாகவே இருக்கும்.

உதிரிப்பாகத்துக்கும் இலக்கம் உண்டு. ரொயோட்டாவில் அது பத்து இடங்களைக் கொண்டது. ஐந்தும் ஐந்துமாக நடுவே ஒரு கோடு. முதல் ஐந்து இலக்கங்கள் பொருளின் வகையைச் சொல்லும். 04465 என்றால் முன் பிறேக் பாட். 04495 என்றால் பின் பிறேக் 'சூ'. 13568 என்றால் தைமிங் பெல்ற். 48510 வலப்புற முன் சொக் அப்சோபர்; 48520 இடப்புறத்தது. பின் ஐந்தே எந்த மொடலுக்கு உரியது என்பதைக் காட்டுகிறது. முன் ஐந்து ஒத்திருந்தாலே போதும் என்று எண்ணி வாங்கிவந்து, பொருந்தாமல் அரம் கொண்டு அராவி ஏற்றுவோர் உளர். பிறேக்கில் அரத்துக்கு வேலையே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கார் ஒன்று. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதற்கென்று செய்யப்பட்ட கார் வேறொன்று. இரண்டுக்கும் பெயரும் உருவமும் ஒன்றாயிருக்கலாம். பிறேக் அளவும் 'சென்சர்'களும் வேறாயிருக்கலாம். உள்நாட்டுக் காருக்குரிய பட்டியல் தனியானது. ஆகவே "உங்கள் காருக்கு அப்படி ஒரு சாமானே இல்லை" என்று ஒரு கடைக்காரர் கூறினால் அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் பார்க்கும் பட்டியல் வேறாக இருக்கலாம்.

பஞ்சிகாவத்தையில் மூவகைச் சாமான்

கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையை அறியாத வாகனக்காரர் இல்லை. அங்கும், அங்கிருந்து பொருள் எடுத்து விற்கும் நம் நகரக் கடைகளிலும் மூன்று வகைச் சாமான்கள் உள்ளன. கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் அசல் ஒன்று. வேறு உற்பத்தியாளர் செய்த புதியது மற்றொன்று. ஜப்பானில் உடைக்கப்பட்ட காரிலிருந்து கழற்றிய பழையது மூன்றாவது.

கார் நிறுவனங்கள் தம் உறுப்புகள் அனைத்தையும் தாமே செய்வதில்லை என்பது பலருக்குத் தெரியாது. மின்சார உறுப்புகளை டென்சோவும், கிளச்சு போன்றவற்றை அய்சினும், சொக் அப்சோபரைக் கயாபாவும், பிறேக் பாட்டை அகெபோனோவும், பிளக்கை என்.ஜி.கே.யும், பெயரிங்கைக் கோயோ, என்.எஸ்.கே., என்.டி.என். ஆகியனவும் செய்து கொடுக்கின்றன. சுக்கான் மூட்டுகளில் '555' என்ற குறியைக் காணாத கராச் நம் நாட்டில் இல்லை எனலாம். எனவே ஒரே தொழிற்சாலையில் வார்த்த பொருள் கார் நிறுவனத்தின் பெட்டியில் ஒரு விலைக்கும், செய்தவரின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்கும் கிடைக்கிறது. சிக்கனம் செய்ய விரும்புவோர் செய்ய வேண்டிய இடம் இதுவே. ஆனால் இந்தப் பெயர்களைத்தான் போலிக்காரர்களும் அச்சடிக்கிறார்கள். எண்ணெய் பில்ரர், பிளக், பிறேக் பாட் ஆகிய மூன்றிலும் போலி மலிந்துள்ளது. கழற்றிய பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். எடையைக் கையில் வைத்துப் பாருங்கள். வார்ப்பிலும் எழுத்தின் கூர்மையிலும் வேறுபாடு தெரியும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு தர மறுக்கும் கடையில் பிறேக் சாமான் வாங்காதிருப்பதே நன்று.

கழற்றிய பழைய சாமானை முற்றாக ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. கதவு, கண்ணாடி, விளக்கு, ஆசனம், அல்ரனேற்றர், ஸ்ராற்றர் மோட்டர் ஆகியவற்றை நல்ல நிலையிற் கண்டால் தாராளமாக வாங்கலாம். மலிவான புதிய போலியைக் காட்டிலும் பழைய ஜப்பான் அல்ரனேற்றர் பன்மடங்கு மேலானது. ஆனால் இறப்பர் உள்ள எதையும் பழையதாக வாங்கக்கூடாது. பிறேக் சிலிண்டர், குழாய், பெல்ற், சுக்கான் மூட்டு என்பன இவ்வினத்தவை. இறப்பர் ஓடினாலும் முதிரும். ஓடாமற் கிடந்தாலும் முதிரும். ரயரும் அவ்வாறே. அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் உண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது. கறுப்பு மெருகு பூசி அடுக்கிய ரயரின் வயதை இந்நான்கு இலக்கமும் மறைக்காமற் சொல்லிவிடும்.

பிறேக் 'சூ'வுக்குப் புதிய லைனிங் ஒட்டிக் கொடுப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். அது தவறன்று. ஆனால் தேய்ந்த டிரம்மை மீண்டும் மீண்டும் கடைந்து மெலிய வைப்பது தவறு. டிரம்மின் உட்புறத்தில் உச்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். பல கொரொல்லாக்களில் புதிய டிரம்மின் விட்டம் 200 மில்லிமீற்றர், எல்லை 201. அந்த ஒரு மில்லிமீற்றருக்குள்தான் கடைசற்காரரின் உளி விளையாடலாம். பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்து மிதி வெறுமையாய்க் கீழே போகும். ஈராண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற ஆகும் செலவு ஒரு ரயரின் விலையினும் குறைவே.

கிணற்று நீரும் எஞ்சினும்

குடாநாட்டுச் சுண்ணக்கற் பாறையினூடே ஊறிவரும் நீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை இல்லத்தரசியர் அறிவர். அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. ஜப்பான் எஞ்சின் பலவற்றில் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். வெப்பம் மிஞ்சினால் அலுமினியத் தலை வளையும், 'காஸ்கற்' கிழியும், தண்ணீரும் எண்ணெயும் கலந்து பாற்கோப்பி நிறமாகும். துருவைத் தடுக்கும் கூலன்ற் திரவத்தைக் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றினால் இத்தனை இடரும் இல்லை. வெப்பம் ஏறுகிறது என்றதும் 'தேர்மோஸ்ரற்'றைக் கழற்றி எறிந்துவிடுவது நம் கராச்சுகளின் பழைய மருந்து. அது நோயைத் தீர்ப்பதில்லை. எஞ்சின் குளிர்ந்தே ஓடிப் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும்; அடைபட்ட றேடியேற்றர் அடைபட்டபடியே இருக்கும்.

தைமிங் பெல்ற்றைப் பற்றி ஒரு சொல். பழைய 'கே' எஞ்சினிலும் சன்னியின் 'ஜீஏ 15' எஞ்சினிலும் சங்கிலிதான்; அச்சமில்லை. கொரொல்லாவின் '5ஏ' பெற்றோல் எஞ்சினிலும் '2சி' டீசல் எஞ்சினிலும் இறப்பர் பெல்ற். 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். '5ஏ' எஞ்சினில் பெல்ற் அறுந்தால் கார் நடுவீதியில் நின்றுவிடும். புதியதை மாட்டினால் மீண்டும் ஓடும். '2சி'யில் அறுந்தாலோ பிஸ்ரன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். டீசல்தான் உறுதியானது என்று எண்ணி வாங்கியவர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. பெல்ற்றை மாற்றும்போதே அதன் பின்னாலுள்ள எண்ணெய்ச் சீல்களையும் உருளைப் பெயரிங்கையும் மாற்றிவிட வேண்டும். கூலி ஒன்றே, பிறகு தனியாகச் செய்தால் இரண்டு கூலி.

கண் சிமிட்டும் விளக்கு

"கொம்பியூட்டர் போய்விட்டது" என்பது பழைய காரின் சொந்தக்காரர் அஞ்சும் தீர்ப்பு. அத்தீர்ப்பை ஏற்குமுன் ஒரு சிறு சோதனை இருக்கிறது. 1990களின் பல ரொயோட்டாக்களில், எஞ்சின் அறையில் மூடியுள்ள ஒரு சிறிய கறுப்புப் பெட்டி உண்டு. மூடியின் உட்புறத்தில் துளைகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் 'டீஈ1', 'ஈ1' என்ற இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, எஞ்சினை ஓடவிடாமற் சாவியை மட்டும் திருப்பினால், முகப்பிலுள்ள எஞ்சின் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். இடைவிடாது ஒரே சீராகச் சிமிட்டினால் குறை எதுவும் பதிவாகவில்லை என்பது பொருள். இரண்டு முறை சிமிட்டிச் சற்றே நின்று மீண்டும் இரண்டு முறை சிமிட்டினால் 22. தண்ணீர் வெப்பத்தை அளக்கும் சென்சரில் குறை. நான்கும் ஒன்றுமானால் 41. காற்று வாயில் சென்சர். இரண்டும் ஒன்றுமானால் 21, ஒட்சிசன் சென்சர். துளைகளை மாற்றி இணைத்துவிடக்கூடாது என்பதால், முதன்முறை தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யவும்.

கணினியே பழுதாகும் சந்தர்ப்பமும் உண்டு. அக்காலத்துக் கணினிகளில் உள்ள 'கப்பாசிற்றர்' என்னும் சிறு உருளைகள் முப்பது ஆண்டில் வற்றி, உள்ளிருக்கும் திரவம் கசிந்து தகட்டை அரிக்கும். வானொலி திருத்தும் திறமையான இளைஞர் ஒருவர் அவற்றை மாற்றிக் கணினியை உயிர்ப்பிக்க முடியும். நம் ஊர்களில் அத்தகைய கைகள் இருக்கின்றன. அவர்களைத் தேடிப்போவோர்தாம் குறைவு.

காற்றுப்பை: கவனிக்கப்படாத ஆபத்து

இதுவரை கூறியவற்றில் தவறினால் பெரும்பாலும் பணம் போகும். இனிக் கூறப்போவது உயிர் பற்றியது. விபத்தின்போது சுக்கானிலிருந்து விரியும் காற்றுப்பையைத் தக்காத்தா என்ற ஜப்பானிய நிறுவனம் பல கார் நிறுவனங்களுக்குச் செய்து கொடுத்தது. பையை விரிக்கும் உலோகக் குப்பியில் அமோனியம் நைத்திரேற்றை வெடிபொருளாக அது பயன்படுத்தியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வெடிபொருள் சிதைகிறது. பின்னர் சிறு விபத்திலும் அளவுமீறி வெடித்து, குப்பியையே பிளந்து உலோகத் துண்டுகளை ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ச்சுகிறது. நம்மைப் போன்ற காலநிலையுள்ள மலேசியாவிலும் உயிர்கள் போயின. உலகெங்கும் ஏறத்தாழ பத்துக் கோடிக் குப்பிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் தக்காத்தா நிறுவனம் வங்குரோத்து நிலையைப் பதிவு செய்தது. ஹொண்டா, ரொயோட்டா, நிசான், மஸ்டா, மிற்சுபிசி, சுபாறு ஆகிய எல்லாவற்றிலும் இக்குப்பிகள் இருந்தன.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். ஜப்பானில் கார் வைத்திருப்பவருக்கு நிறுவனம் கடிதம் அனுப்பி, இலவசமாக மாற்றிக் கொடுக்கிறது. கைமாறிக் கப்பலேறி வந்த காரின் இன்றைய சொந்தக்காரர் பருத்தித்துறையிலோ மன்னாரிலோ இருக்கிறார். அவருக்கு யார் கடிதம் அனுப்புவார்? 2000ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காரை வைத்திருப்போர், அதன் சட்டக இலக்கத்தைக் கார் நிறுவனத்தின் ஜப்பானிய இணையத்தளத்தில் இட்டால், திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் அதுவும் ஒன்றா என்பதும் மாற்றப்பட்டதா என்பதும் தெரியும். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இலங்கையிலுள்ள முகவரிடமும் அந்த இலக்கத்தைக் காட்டிக் கேட்கலாம். இன்னொன்று: பழைய சாமான் கடையில் அழகான சுக்கான் வளையத்தைக் காற்றுப்பையோடு வாங்கி மாட்டும் வழக்கம் பரவியுள்ளது. அது எந்த ஆண்டின் எந்தக் காரிலிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதை வாங்கவே கூடாது.

அக்குவா, பிறியஸ் போன்ற கலப்பு மின்கார்களும் இப்போது முதுமையை எட்டியுள்ளன. 2011இன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த அக்குவாவின் பெரிய பற்றறியில் 20 பகுதிகள், மொத்தம் 144 வோல்ற். அதில் பழுதான ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். பத்தொன்பது கிழவருக்கு நடுவே ஓர் இளைஞனைச் சேர்த்து வள்ளம் வலிக்கச் சொன்னது போல, சில மாதத்தில் அடுத்தது பழுதாகும். பின்னாசனத்தின் அருகே உள்ள விசிறித் துவாரத்தில் தூசி அடையாமற் பார்த்துக்கொள்வது இப்பற்றறியின் ஆயுளை நீட்டும். திறந்து பார்க்கும் ஆசை எவருக்கும் வேண்டாம். அந்த மின்னழுத்தம் ஆளைக் கொல்லும்.

எஞ்சின் மாற்றமும் துருவும்

எஞ்சின் முற்றாகத் தேய்ந்தால், ஜப்பானிலிருந்து முன்பாதியாக அறுத்து வரும் 'ஹாவ் கட்' ஒன்றிலிருந்து எஞ்சினை எடுத்து மாட்டுவது நம் நாட்டு வழக்கம். கியர்ப்பெட்டி, மின்கம்பித் தொகுதி, கணினி யாவும் ஒன்றோடொன்று பொருந்தியபடி வருவதால் இது சிறந்த முறையே. வாங்குமுன் நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். '4ஏ' குடும்ப எஞ்சினில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 13 கிலோகிராம் இருக்க வேண்டும். 10க்குக் கீழே இறங்கினால் விட்டுவிடுக. நான்குக்குமிடையே 1 கிலோகிராமுக்கு மேல் வேறுபாடும் கூடாது. எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். கறுத்த களி படிந்திருந்தால் அந்த எஞ்சின் தன் முதல் வீட்டில் நன்கு பராமரிக்கப்படவில்லை. மாட்டிய பின்னர் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவிக்க மறக்கலாகாது. பதிவுப் புத்தகத்தில் ஓர் இலக்கமும் காரில் வேறோர் இலக்கமுமாக இருந்தால், விற்கும் நாளில் மட்டுமன்றி விபத்து நாளில் காப்புறுதி கேட்கும்போதும் தொல்லை உண்டாகும்.

எல்லாவற்றையும் மாற்றலாம், துருவை மாற்ற முடியாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் மணலும் காரின் அடித்தளத்தை அரிக்கின்றன. கதவின் கீழ்விளிம்பில் தெரியும் துரு கண்ணுக்குத்தான் அழகில்லை, ஆபத்தானதன்று. முன்சில்லுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலும், சொக் அப்சோபரின் மேல்முனை பொருந்தும் இடத்திலும் துரு ஏறியிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்து உதிர்ந்தால் அதன்மேல் தகடு ஒட்டி நிறம் பூசுவது பிரயோசனமற்றது. அத்தகைய காரைப் பதிவு நீக்கிக் கழற்றிவிடலாம். அதன் அல்ரனேற்றரும் கதவுகளும் விளக்குகளும், அதே இலக்கத் தகடுள்ள வேறொரு வீட்டுக் காருக்கு இன்னும் பத்தாண்டு உழைக்கும்.